3.8 லட்சமாவது ஆண்டில் ஒரு திரை

1951 நவம்பர் 22 அன்று, போப்பாண்டவர் அறிவியல் கழகத்தின் உறுப்பினர்களிடையே உரையாற்றிய போப் பன்னிரண்டாம் பயஸ், வழக்கமான ஆசியுரையோடு நிறுத்திக்கொள்ளவில்லை. கேலக்ஸிகள் ஒன்றைவிட்டு ஒன்று விலகிப் போவதையும் விண்கற்களின் வயதையும் ஆதாரமாக அடுக்கினார். பிரபஞ்சத்துக்கு ஒரு தொடக்கம் இருந்தது, தொடக்கம் இருந்தால் தொடங்கிவைத்தவரும் இருந்தாக வேண்டும் என்ற இடத்தில் கொண்டுபோய் நிறுத்தினார். ஒளி பிறந்த அந்த முதல் கணத்துக்கு இப்போது அறிவியலே சாட்சி சொல்கிறது என்பது அவர் பேச்சின் சாரம்.

அந்தப் பேச்சால் மிகவும் சங்கடப்பட்டவர் நாத்திகர் எவரும் இல்லை. பிரபஞ்சம் ஓர் ஆதி அணுவிலிருந்து விரிந்தது என்று முதலில் எழுதிய பெல்ஜியப் பாதிரியார் ஜார்ஜ் லெமேத்ர்தான்.

லெமேத்ர் முதல் உலகப்போரில் பீரங்கிப் படையில் இருந்தவர். 1923-ல் குருப்பட்டம் பெற்று, உடனே கேம்பிரிட்ஜில் ஆர்தர் எடிங்டனிடம் வானியல் படிக்கப் போனார். 1927-ல் பிரபஞ்சம் விரிகிறது என்று கணக்கோடு எழுதினார். அதே ஆண்டு பிரஸ்ஸல்ஸில் சந்தித்த ஐன்ஸ்டைன், கணக்கு சரி, இயற்பியல்தான் சகிக்கவில்லை என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். 1931 மே மாதம் 'நேச்சர்' இதழில், ஒரு பக்கத்துக்கும் குறைவான கடிதமாக, உலகின் தொடக்கத்தைப் பற்றி லெமேத்ர் எழுதினார். அதன் தட்டச்சுப் பிரதி இன்றும் இருக்கிறது. கடைசியில் ஒரு பத்தியை அவர் பேனாவால் அடித்திருக்கிறார். கடவுளை நம்புகிறவர்கள் அவர் இயல்பிலேயே மறைந்திருப்பவர் என்றும் நம்புகிறார்கள். படைப்பை மூடிவைக்க இயற்பியல் ஒரு திரையைத் தருவது அவர்களுக்கு மகிழ்ச்சியாகவே இருக்கும் என்பது அந்தப் பத்தியின் கருத்து. அச்சுக்குப் போகும் முன் அதை நீக்கிவிட்டார். இயற்பியல் கடிதத்தில் இறையியலுக்கு இடமில்லை என்று நினைத்திருக்கலாம். எப்படியானாலும், போப் திரையை விலக்கப் பார்த்தார். பாதிரியார் திரையே போதும் என்றிருந்தார்.

வாடிகன் வான் ஆய்வகத்தின் தலைவர் டேனியல் ஓ'கானல் வழியாக லெமேத்ர் தன் கவலையைச் சொல்லியனுப்பினார். 1952 செப்டம்பரில் ரோமில் கூடிய உலக வானியலாளர்கள் முன் போப் மறுபடி பேசியபோது, அந்த வாதத்தைத் தொடவில்லை. தொடாததும் நல்லதாகப் போயிற்று. அதே மாநாட்டில்தான் வால்டர் பாடே, கேலக்ஸிகளின் தூரத்தை இதுவரை பாதியாகக் குறைத்து மதிப்பிட்டு வந்திருக்கிறோம் என்று அறிவித்தார். தூரம் இரட்டித்தால் வயதும் இரட்டிக்கும். ஆண்டுக் கணக்கைக் கடவுளுக்கு முட்டுக் கொடுத்திருந்தால், பத்தே மாதத்தில் முட்டை மாற்றிக் கட்ட வேண்டியிருந்திருக்கும். பெருவெடிப்புக் கொள்கைக்காரர் ஜார்ஜ் காமாவுக்குக் குறும்பு கொஞ்சம் அதிகம். தன் ஆய்வுக்கட்டுரை ஒன்றில் போப்பின் உரையையே மேற்கோளாகப் போட்டு வேடிக்கை பார்த்தார்.

தொடக்கத்தை ஏற்பவர் பக்தர், மறுப்பவர் நாத்திகர் என்ற கணக்கு அந்தக் காலத்திலேயே செல்லுபடியாகவில்லை. குவேக்கர் சபையைச் சேர்ந்த ஆழ்ந்த நம்பிக்கையாளரான எடிங்டனுக்கு, இயற்கைக்குத் திடீரென ஒரு தொடக்கம் என்ற எண்ணமே அருவருப்பாக இருந்தது. லெமேத்ரின் 1931 கடிதமே அவருக்கு எழுதிய பதில்தான். நான்கு ஆண்டு கழித்து அதே எடிங்டன், விண்மீனின் முடிவையும் மறுத்தார். லாகூரில் பிறந்த தமிழரும் சென்னை மாநிலக் கல்லூரி மாணவருமான சுப்ரமணியன் சந்திரசேகர், சூரியனைப் போல ஏறத்தாழ 1.4 மடங்குக்கு மேல் நிறையுள்ள ஒரு வெண்குள்ளன், அதாவது எரிந்து ஓய்ந்த விண்மீனின் எச்சம், தன் எடையைத் தாங்க முடியாமல் நொறுங்கும் என்று கணக்கிட்டிருந்தார். விண்மீன் இப்படிக் கோமாளித்தனமாக நடந்துகொள்ளாமல் தடுக்க இயற்கையில் ஏதாவது விதி இருக்கும் என்று லண்டன் வானியலாளர் சபையில் எடிங்டன் கேலி செய்தார். ஒரே மனிதர், தொடக்கத்தை ஒரு மாணவரிடமும் முடிவை ஓர் இளைஞரிடமும் ஏற்க மறுத்தார். வானம் என்றைக்கும் ஒழுங்காக, வரலாறு இல்லாமல் இருக்க வேண்டும் என்ற ஆசை பக்தியைவிடவும் பழையது போலும். சந்திரசேகரோ தன்னை நாத்திகர் என்று சொல்லிக்கொண்டவர். 1999 ஜூலை 23 அன்று ஏவப்பட்ட எக்ஸ் கதிர் தொலைநோக்கிக்கு 'சந்திரா' என்று அவர் பெயரைத்தான் வைத்தார்கள்.

வானத்துக்கு வரலாறு உண்டு என்பதை மறுக்க முடியாமல் செய்தவை விண்வெளித் தொலைநோக்கிகள். காற்றுமண்டலம் விண்மீன் ஒளியை அலைக்கழிக்கிறது. அகச்சிவப்பிலும் எக்ஸ் கதிரிலும் பெரும்பகுதியை விழுங்கியே விடுகிறது. மேலே போனால்தான் அந்தச் சாட்சியங்கள் கிடைக்கும். ஒளி வந்துசேர நேரம் எடுப்பதால், தொலைவைப் பார்ப்பது பழங்காலத்தைப் பார்ப்பதும் ஆகிறது.

1995 டிசம்பரில், ஹபிள் தொலைநோக்கியை இயக்கிய நிறுவனத்தின் தலைவர் ராபர்ட் வில்லியம்ஸ் தன் விருப்ப ஒதுக்கீட்டு நேரத்தை எடுத்து, சப்தரிஷி மண்டலத்துக்கு அருகே வெறுமையாகத் தெரிந்த ஒரு துளி வானத்தை 10 நாள் விடாமல் படமெடுக்கச் சொன்னார். வேண்டாத வேலை என்று நினைத்த வல்லுநர்களும் இருந்தார்கள். பழுதான கண்ணாடியோடு 1990-ல் மேலே போய், 1993-ல்தான் பார்வை சரிசெய்யப்பட்ட தொலைநோக்கி அது. இன்னொரு அவமானம் தாங்காது. 342 படங்களைச் சேர்த்துப் பார்த்தபோது அந்தத் துளிக்குள் ஏறக்குறைய 3000 கேலக்ஸிகள் இருந்தன. எண்ணிக்கையைவிட முக்கியமானது அவற்றின் தோற்றம். அருகில் இருப்பவை நன்கு வடிவெடுத்த சுருள்களும் நீள்வட்டங்களும். தொலைவில், அதாவது பழங்காலத்தில் இருப்பவை சிறியவை, கோணல்மாணலானவை, ஒன்றோடொன்று மோதிக்கொண்டிருப்பவை. நம் பால்வீதி போன்ற ஒழுங்கான சுருள் ஒருநாளில் வைக்கப்பட்ட பொருளாக இல்லை; பல நூறு கோடி ஆண்டுகளில், சிறு கூட்டங்களை விழுங்கி விழுங்கித் திரண்டது.

2021 கிறிஸ்துமஸ் நாளில் ஏவப்பட்ட ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி, இந்தக் கதையில் இன்னும் பின்னால் போனது. (நாளுக்கும் நற்செய்திக்கும் தொடர்பு இல்லை. ஒரு தொழில்நுட்பக் கோளாறும் பிறகு பலத்த காற்றும் தள்ளிப்போட்டதில் அந்தத் தேதி அமைந்தது.) 18 துண்டுகளால் ஆன 6.5 மீட்டர் கண்ணாடியோடு, பூமியிலிருந்து 15 லட்சம் கிலோமீட்டர் தள்ளி நின்று அது அகச்சிவப்பில் பார்க்கிறது. வந்த முதல் ஆண்டிலேயே, எதிர்பார்த்ததைவிடப் பிரகாசமான பழங்கால கேலக்ஸிகளைக் காட்டி, கோட்பாட்டாளர்களின் தூக்கத்தைக் கெடுத்தது. பெருவெடிப்புக் கொள்கையே கவிழ்ந்தது என்று சிலர் எழுதினார்கள். கவிழவில்லை, விண்மீன்கள் எவ்வளவு விரைவாகப் பிறந்தன என்ற கணக்குத்தான் திருத்தப்பட்டு வருகிறது. 2024-ல் அறிவிக்கப்பட்ட ஜேட்ஸ்-ஜிஎஸ்-இசட்14-0 என்ற கேலக்ஸியை, பிரபஞ்சத்துக்கு வெறும் 30 கோடி வயது ஆகியிருந்தபோது இருந்த நிலையில் பார்க்கிறோம்.

அடுத்து நடந்ததுதான் சுவாரசியம். சிலி நாட்டுப் பாலைவனத்தில் இருக்கும் அல்மா ரேடியோ தொலைநோக்கிகள் அதே கேலக்ஸியைப் பார்த்தபோது அங்கே ஆக்சிஜன் தெரிந்தது. பெருவெடிப்பில் உண்டானவை ஹைட்ரஜன், ஹீலியம், துளி லித்தியம், அவ்வளவுதான். ஆக்சிஜன் வேண்டுமென்றால் பெரிய விண்மீன்கள் பிறந்து, எரிந்து, வெடித்துச் சாக வேண்டும். நாம் கண்டவற்றிலேயே பழமையானவற்றுள் ஒன்றான அந்தக் கேலக்ஸியில் ஏற்கெனவே ஒரு தலைமுறை மாண்டு போயிருக்கிறது. முதல் தலைமுறை விண்மீன்கள் இன்னும் உறுதியாக எவர் கண்ணிலும் படவில்லை. தொடக்கத்தைத் தேடிப் போகிறவர்களுக்கு ஒவ்வொரு முறையும் இப்படித்தான் ஆகிறது: எட்டிய இடத்தில் முன்பே யாரோ வாழ்ந்து போன தடயம்.

இன்னும் பின்னால் போனால் ஒரு திரை வருகிறது. இது உவமை இல்லை. பெருவெடிப்புக்குப் பிந்தைய முதல் 3.8 லட்சம் ஆண்டுகள் பிரபஞ்சம் கட்டற்ற எலக்ட்ரான்கள் நிறைந்த சூடான மூட்டமாக இருந்தது. ஒளி எங்கு கிளம்பினாலும் உடனே சிதறடிக்கப்பட்டது. வெப்பம் தணிந்து எலக்ட்ரான்கள் அணுக்களில் அடங்கிய பிறகே ஒளிக்கு வழி திறந்தது. அப்போது கிளம்பிய ஒளி இன்று நுண்ணலையாக எல்லாத் திசைகளிலிருந்தும் வருகிறது. 1964-ல் நியூ ஜெர்சியில் பென்ஸியாஸும் வில்சனும் தங்கள் ஆன்டெனாவில் கேட்ட விடாத இரைச்சல் அதுதான். இறப்பதற்குச் சற்று முன், 1966-ல், லெமேத்ருக்கு அந்தச் செய்தி போய்ச் சேர்ந்தது. 1989-ல் கோப், 2001-ல் டபிள்யூமேப், 2009-ல் பிளாங்க் என்று அடுத்தடுத்துப் போன விண்கலங்கள் அந்தத் திரையின் மேற்பரப்பை மேலும் மேலும் நுணுக்கமாகப் படமெடுத்தன. லட்சத்தில் ஒரு பங்கு அளவே வேறுபடும் சூட்டுத் திட்டுகள் அதில் இருக்கின்றன. இன்றுள்ள அத்தனை கேலக்ஸிகளுக்கும் அவையே விதை. பிரபஞ்சத்தின் வயது 1380 கோடி ஆண்டு என்பதும் அந்தத் திட்டுகளிலிருந்து பெறப்பட்டதுதான். 1992-ல் கோப் முடிவுகளை அறிவித்த ஜார்ஜ் ஸ்மூட், மத நம்பிக்கை உள்ளவர்களுக்கு இது கடவுளைப் பார்ப்பது போல என்று சொல்லிவைக்க, மறுநாள் பத்திரிகைகள் அதை விடவில்லை. அவர் பார்த்தது திரையை. ஒளியை நம்பிய எந்தத் தொலைநோக்கியும், எத்தனை பெரிய கண்ணாடி மாட்டினாலும், அதைத் தாண்டிப் பார்க்க முடியாது.

சரி, திரைக்கு அப்பால் ஒரு முதல் கணம் இருந்தது என்றே வைத்துக்கொள்வோம். அதனால் கடவுள் நிரூபணம் ஆகிவிடுவாரா? பன்னிரண்டாம் பயஸ் மதித்த தாமஸ் அக்வினாஸே 13-ஆம் நூற்றாண்டில் இதற்கு இல்லை என்று பதில் எழுதிவிட்டார். உலகுக்குத் தொடக்கம் உண்டு என்பதை அவர் வேதத்தின் பேரில் ஏற்றார். அறிவால் அதை நிறுவ முடியாது என்றும் பிடிவாதமாகச் சொன்னார். படைக்கப்பட்டது என்றால், தன் இருப்புக்கு இன்னொன்றைச் சார்ந்திருக்கிறது என்று பொருள். தொடக்கமே இல்லாத உலகமும் அப்படிச் சார்ந்திருக்கலாம். அவருக்கு எண்ணூறு ஆண்டுகளுக்கு முன்பே அகஸ்டின், காலமும் உலகோடு சேர்ந்தே படைக்கப்பட்டது, ஆகவே அதற்கு முன் என்ன என்ற கேள்விக்கே பொருளில்லை என்று முடித்திருந்தார். இவர்கள் இருவரையும் வைத்துப் பார்த்தால் 1951 உரை அறிவியலில் அவசரப்பட்டதைவிட இறையியலில் சறுக்கியது என்றே சொல்ல வேண்டும். எதுவுமே இல்லாமல் இருப்பதற்குப் பதில் ஏதோ ஒன்று இருக்கிறதே, ஏன்? இந்தக் கேள்வி 1380 கோடி ஆண்டுக்கு முன்னால் எங்கோ குடியிருக்கவில்லை. இந்த நிமிடம் மேசையில் கிடக்கும் பேனாவைப் பற்றியும் அதே அளவு கேட்கலாம்.

வானியலாளர் ஃபிரெட் ஹாயில் அதே சறுக்கலை எதிர்ப்பக்கமிருந்து செய்தார். தொடக்கம் என்றாலே கோயில் வாடை அடிக்கிறது என்று, 1948-ல் ஆதி அந்தம் இல்லாத நிலைமாறாப் பிரபஞ்சக் கொள்கையை நண்பர்களோடு சேர்ந்து முன்வைத்தார். மறு ஆண்டு பிபிசி வானொலியில் எதிர்க்கட்சியின் கொள்கைக்கு 'பெருவெடிப்பு' என்று பெயரிட்டவரும் அவரே. அவர் கொள்கையைப் பென்ஸியாஸ்-வில்சனின் இரைச்சல் வீழ்த்திவிட்டது. ஆனால் இரும்பு வரையிலான தனிமங்கள் விண்மீன்களுக்குள் சமைக்கப்படுகின்றன என்பதைக் காட்டியதில் அவர் பங்கு பெரியது. விண்மீனுக்குள் கார்பன் உண்டாக வேண்டுமானால் அதன் அணுக்கருவுக்குக் குறிப்பிட்ட ஓர் ஆற்றல் நிலை இருந்தாக வேண்டும் என்று முன்கூட்டிச் சொன்னார். கலிஃபோர்னியாவில் சோதித்தபோது இருந்தது. பிற்காலத்தில் ஹாயிலே, இயற்பியல் விதிகளோடு ஏதோ பேரறிவு விளையாடியிருக்கிறது போலத் தோன்றுகிறது என்று எழுதும்படி ஆயிற்று.

தமிழ் வாசகருக்கு இந்தச் சண்டை கொஞ்சம் அந்நியமாகவே தெரியும். இங்கே பேசப்பட்ட தத்துவங்களில் பல, முதல் கணம் என்ற ஒன்றைக் கேட்பதே இல்லை. சமணமும் மீமாம்சையும் உலகம் என்றும் இருப்பது என்கின்றன. சைவ சித்தாந்தத்தில் பதி, பசு, பாசம் மூன்றும் அநாதி. மெய்கண்டார், தோன்றி நின்று ஒடுங்கும் உலகுக்கு ஒரு கர்த்தா வேண்டும் என்று வாதிடுகிறார். ஆனால் அந்தத் தோற்றம் ஒடுக்கத்திலிருந்து மறுபடி எழும் தோற்றம், ஒரே ஒருமுறை நடந்தது அன்று. ஆகவே பெருவெடிப்பு உறுதியானாலும் சித்தாந்திக்கு லாபமுமில்லை, நட்டமுமில்லை. இதை உணராமல் நம்மூர் மேடைகளும் 1951-ஐத்தான் திரும்பத் திரும்ப நடத்துகின்றன. பிரம்மாவின் ஒரு பகல் 432 கோடி ஆண்டு, பூமியின் வயது 454 கோடி, பார்த்தீர்களா பொருத்தத்தை என்பார்கள். அதே யுகக் கணக்கில் அறிவியலோடு ஒட்டாத எண்கள் ஏராளம். அவற்றை யாரும் மேடைக்குக் கொண்டுவருவதில்லை. லெமேத்ரின் திரையைக் கண்டதும் ஐந்தொழிலில் ஒன்றான மறைத்தலை நினைக்கத் தோன்றும். நினைக்கலாம், அதற்குமேல் போகக்கூடாது. சித்தாந்தம் பேசும் மறைத்தல் ஆன்மாவின் மலம் பக்குவப்படுவதைப் பற்றியது. எலக்ட்ரான் மூட்டத்துக்கும் அதற்கும் உறவு கொண்டாட வழியில்லை.

தொலைநோக்கிகள் மதச் சிந்தனையிடம் உண்மையிலேயே கேட்கும் கேள்வி தொடக்கத்தில் இல்லை, நடுவில் இருக்கிறது. 1789-லேயே வானியலாளர் வில்லியம் ஹெர்ஷல் வானத்தை ஒரு தோட்டத்துக்கு ஒப்பிட்டார். ஒரு செடி முளைத்துப் பூத்து வாடும்வரை காத்திருக்க ஆயுள் போதாது. ஆனால் தோட்டத்தில் எல்லா வயதுச் செடிகளும் ஒரே நேரத்தில் நிற்கின்றன. அந்த முறையில்தான் விண்மீனின் வாழ்க்கை வரலாறு எழுதப்பட்டது. கழுகு நெபுலாவின் தூண்களில் தூசிக்குள் பிறக்கும் விண்மீன்களை ஹபிளும் வெப்பும் காட்டின. நடுவயதில் நம் சூரியன், 460 கோடி ஆண்டு. இன்னும் ஏறத்தாழ 500 கோடி ஆண்டில் அது உப்பிச் சிவந்து, மேலுறையை உதறி, வெண்குள்ளனாக ஆறும். பெரிய விண்மீன்களின் சாவு வேறு விதம். 1987 பிப்ரவரியில் பெரிய மெகல்லன் கூட்டத்தில் ஒன்று வெடித்ததை மனிதர் வெறுங்கண்ணாலேயே பார்த்தார்கள். சிதறல் தன்னைச் சுற்றியிருந்த வளையத்தில் மோதி ஒளிர்வதை ஹபிள் ஆண்டுக்கணக்கில் படமெடுத்தது. உள்ளே ஒரு நியூட்ரான் விண்மீன் இருப்பதற்கான வலுவான தடயத்தை 2024-ல் வெப் தரவுகள் தந்தன. காசியோப்பியா-ஏ என்ற விண்மீன் வெடிப்பின் எச்சத்தில் இரும்பு, சிலிக்கன், கந்தகம், கால்சியம் எங்கெங்கே வீசப்பட்டிருக்கின்றன என்று சந்திரா தனித்தனியே வரைந்துகாட்டியது.

எலும்பில் இருக்கும் கால்சியமும் ரத்தத்தில் இருக்கும் இரும்பும் இப்படி வந்தவை என்று மேடையில் சொன்னால் கைத்தட்டல் கிடைக்கும். அதோடு விடுவதுதான் தவறு. ஆறு நாளிலோ ஒரே சங்கல்பத்திலோ முடித்துவைக்கப்பட்ட படைப்பு என்ற படம் இங்கே நிற்காது. உயிருக்கு வேண்டிய சரக்கு சேரவே பல நூறு கோடி ஆண்டு ஆயிற்று. எண்ணற்ற விண்மீன்கள் மடிந்தன. நாம் அறிந்தவரை, அவற்றில் மிகப் பெரும்பாலானவற்றைச் சுற்றி யாரும் எதையும் பார்த்து வியக்கவில்லை. சாவு இந்த ஏற்பாட்டில் பின்னால் நுழைந்த குறையாகத் தெரியவில்லை; அது இல்லாமல் ஏற்பாடே இல்லை. பாவத்தால்தான் சாவு உலகுக்குள் வந்தது என்று போதிக்கும் மரபு இதற்குப் பதில் சொல்ல வேண்டும். படைத்தலும் அழித்தலும் ஒருவன் தொழிலே என்னும் மரபுக்கு இது கொஞ்சம் இலகு. ஆனாலும் எல்லாம் ஆன்மாக்கள் கரையேறுவதற்காகவே என்று அது சொல்வதால், ஆன்மா எதுவும் குடியேறியதாகத் தெரியாத கோடானுகோடி கேலக்ஸிகள் எதற்கு என்ற கேள்வியிலிருந்து அதுவும் தப்ப முடியாது. கிறிஸ்தவ இறையியலாளர்கள் சிலர் தொடர் படைப்பு என்ற பழைய கருத்தைத் தூசி தட்டி எடுத்திருக்கிறார்கள். சைவ, வைணவ அறிஞர்களிடமிருந்து இதே அளவு உழைப்போடு ஒரு பதில் வந்தால் நன்றாக இருக்கும். 'எங்கள் நூலில் அன்றே சொன்னார்கள்' என்பது பதிலாகாது.

வாடிகன் பாடம் கற்றுக்கொண்டது என்றே தோன்றுகிறது. 1981-ல் அங்கே நடந்த பிரபஞ்சவியல் மாநாட்டுக்குப் போன ஸ்டீபன் ஹாக்கிங், பெருவெடிப்புக்குப் பிந்தையதை ஆராயுங்கள், அந்தக் கணத்தை விட்டுவிடுங்கள் என்று இரண்டாம் ஜான் பால் சொன்னதாகப் பின்னாளில் எழுதினார். காலத்துக்கு ஓரமே இல்லாத பிரபஞ்சத்தைப் பற்றித் தான் அங்கே பேசியது போப்புக்குத் தெரியவில்லை என்று நிம்மதியும் அடைந்தார். அச்சான உரையில் அப்படித் தடை ஏதும் இல்லை. உலகின் தொடக்கம் பற்றிய கேள்விக்கு அறிவியல் தனியாகப் பதில் தர முடியாது என்றுதான் இருக்கிறது. 1988-ல் அதே போப், வான் ஆய்வகத் தலைவர் ஜார்ஜ் காய்னுக்கு எழுதிய கடிதத்தில், பெருவெடிப்பு போன்ற புதிய கொள்கைகளை நம்பிக்கைக்கு ஆதரவாக அவசரமாகப் பயன்படுத்த வேண்டாம் என்று இறையியலாளர்களை எச்சரித்தார். 2025-ல் அந்த ஆய்வகம் காஸ்டல் கண்டோல்ஃபோவில் இளம் வானியலாளர்களுக்கு நடத்திய கோடைப் பள்ளிக்கு ஜேம்ஸ் வெப்தான் பாடம்.

திரையைத் தாண்ட ஒரு வழி இருக்கிறது. ஈர்ப்பு அலைகளை எலக்ட்ரான் மூட்டம் தடுக்காது. ஐரோப்பிய விண்வெளி முகமை 2024 ஜனவரியில் ஒப்புதல் தந்த லிசா திட்டத்தில், 25 லட்சம் கிலோமீட்டர் இடைவெளியில் முக்கோணமாக மூன்று கலங்கள் பறக்கும். ஏவுவதற்கு 2035-ஐக் குறித்திருக்கிறார்கள். கருந்துளைகள் மோதுவதைக் கேட்பதே அதன் முதல் வேலை. முதல் நொடிக்குள் எழுந்த முணுமுணுப்பு ஏதாவது பின்னணியில் கிடக்கிறதா என்றும் தேடும். கிடைத்தாலும், அதற்கும் முன்னால் ஒன்று இருந்ததா என்பதில் இயற்பியலாளர்கள் பிரிந்தே நிற்கிறார்கள். ரோஜர் பென்ரோஸ் ஒரு பிரபஞ்ச யுகம் முடிந்து அடுத்தது தொடங்குகிறது என்று பல ஆண்டுகளாக வாதிட்டு வருகிறார். பெரும்பாலான பிரபஞ்சவியலாளர்கள் ஏற்கவில்லை. ஒருவேளை அவர் பக்கம் காற்று திரும்பினால், நம்மூர் மேடைகளில் 432 கோடி மறுபடி வெளியே வரும்.